மூடிய கையும் திறந்த கையும்
(தொழிற்பற்றும் தொழிலறிவும் பற்றிய பாடம்)



எண்வகை மார்க்கத்துள் ஐந்தாவது நல்வாழ்க்கை. அதனை விளக்கும்போது, படைக்கலம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு ஆகிய ஐந்தையும் விற்றுப் பிழைத்தல் இல்லறத்தார்க்கு ஆகாது என்று சொல்லி முடித்துவிடுகின்றோம். ஆலையிலும் அலுவலகத்திலும் கூலிக்கு உழைக்கும் நம்மவர் அதனைக் கேட்டு, இவ்வைந்தில் ஒன்றும் எமக்கு இல்லையே, ஆகவே எம் பிழைப்பு தூயது என்று அமைதி கொள்கின்றனர். அவ்வமைதி அரைகுறையானது. தொழில் தூயதாயிருந்தும், அத்தொழிலை நாம் பற்றிக்கொள்ளும் முறை மாசுடையதாய் இருக்கக்கூடும்.

ஒருவன் தன் வேலையின்மேல் வைத்த பற்று, தான் அறிந்ததை அடுத்தவனுக்குச் சொல்லவிடுகின்றதா, சொல்லவொட்டாமல் தடுக்கின்றதா? இதுவே இன்றைய பாடம். பெங்களூரில் வாழும் நமக்கு இஃது ஏட்டுச் சுரைக்காய் அன்று. நம் பாட்டன்மார் வடார்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைப்பு நாடி இந்நகரின் பஞ்சாலைகளுக்கு வந்தனர். நம் பிள்ளைகளோ பீனியாவின் பட்டறைகளிலும், மைசூர்ச் சாலைத் தையல் ஆலைகளிலும், கணினி அலுவலகங்களிலும் அமர்ந்திருக்கின்றனர். இயந்திரம் மாறிற்று, அதன் முன் நிற்கும் மனம் மாறவில்லை.

1. பகவன் சொன்ன இரண்டு சொற்கள்

பகவன் தம் எண்பதாம் ஆண்டில், வைசாலி நகரத்தை அடுத்த வேளுவ கிராமத்தில் மழைக்காலத்தைக் கழித்தார். அங்கே அவருக்குக் கொடிய நோய் கண்டது. நோய் நீங்கி அவர் வெளியே வந்து அமர்ந்தபோது, ஆனந்தர் தம் உள்ளத்தில் இருந்ததைக் கூறினார். சங்கத்தைக் குறித்து ஏதேனும் சொல்லாமல் பகவன் மறையமாட்டார் என்று எண்ணித் தாம் ஆறுதல் கொண்டதாக அவர் சொன்னார்.

அதற்குப் பகவன் அளித்த மறுமொழியில் இரண்டு கருத்துகள் அடுத்தடுத்து நிற்கின்றன. முதலாவது: தாம் தம்மத்தை உள்ளவர்க்கு ஒன்று, புறத்தவர்க்கு ஒன்று என்று பிரிக்காமல் போதித்ததாகவும், தம்மிடத்தில் ஆசிரியனின் மூடிய கை என்பது இல்லை என்றும் உரைத்தார். பாளி மொழியில் இதற்கு ஆசரிய முட்டி என்று பெயர். முட்டி என்பது மடக்கிய கை. மாணவனுக்குப் பலவற்றைச் சொல்லி, தலையாய ஒன்றை மட்டும் கைக்குள் மறைத்துக்கொள்ளும் ஆசானின் வழக்கத்தை அச்சொல் குறிக்கும். இரண்டாவது: சங்கத்தை நடத்துபவன் நானே, சங்கம் என்னையே சார்ந்து நிற்கின்றது என்னும் எண்ணம் ததாகதருக்கு இல்லை என்றார்.

இவ்விரண்டையும் தனித்தனியே படிப்பவர் பலர். சேர்த்துப் படித்தால்தான் பொருள் விளங்கும். தாம் இல்லாவிடில் நடவாது என்னும் எண்ணம் அவரிடம் இல்லை. ஆகையால் கையை மூட வேண்டிய தேவையும் இல்லை. அவ்வெண்ணம் எவனிடத்தில் உண்டோ அவன் கை தானே மூடிக்கொள்ளும். நான் இல்லாமல் இந்தத் தறி ஓடாது என்பதில் பெருமை கொள்பவன், தறி தானின்றி ஓடக்கூடிய நாள் வாராதபடி பார்த்துக்கொள்வான். மறைத்தலுக்கு வேர் கஞ்சத்தனம் மட்டும் அன்று. இடத்தைப் பற்றிய பற்றே அதன் ஆணிவேர்.

2. ஐவகை உலோபம்

பாளி நூல்கள் மச்சரியம் எனப்படும் உலோபத்தை ஐந்தாக வகுக்கின்றன. அவை: உறைவிடம் பற்றிய உலோபம், தம்மை ஆதரிக்கும் குடும்பங்களைப் பற்றிய உலோபம், இலாபம் பற்றிய உலோபம், புகழ் பற்றிய உலோபம், தம்மம் பற்றிய உலோபம். இவை முதலில் பிக்குகளை நோக்கிச் சொல்லப்பட்டவை. ஆயினும் ஆலைத் தொழிலாளி இதைப் படித்தால், தன் பகுதியையே வரைந்து வைத்தாற்போல் தோன்றும்.

உறைவிடம் என்பது நம் இயந்திரமும் நாற்காலியும் ஆகும். இது என் தறி, என் மேசை, இங்கே வேறொருவன் கை வைக்கலாகாது என்பது முதல் உலோபம். குடும்பங்கள் என்பன நம்மை ஆதரிக்கும் மேலாளரும் வாடிக்கையாளரும். அவர்கள் என்னையே அழைக்க வேண்டும், பக்கத்தில் நிற்பவனை அழைக்கலாகாது என்பது இரண்டாம் உலோபம். மிகைநேரக் கூலியும் பதவி உயர்வும் மூன்றாவது. கெட்டிக்காரன் என்னும் பெயர் நான்காவது. ஐந்தாவதாகிய தம்மம், தொழிற்களத்தில் தொழிலறிவு என்று கொள்ளத்தகும்.

இவ்வைந்தனுள் மிகவும் இழிந்தது ஐந்தாவதே என்று சுத்தம் கூறுகின்றது. காரணம் எளிது. மற்ற நான்கும் பங்கிட்டால் குறையக்கூடியவை. ஒரு நாற்காலியில் இருவர் அமர முடியாது. ஒரு கூலியை இருவர் பகிர்ந்தால் பாதியாகும். அறிவோ ஒரு விளக்கிலிருந்து மற்றொன்றை ஏற்றுவது போன்றது. கொடுத்தவனிடமும் அது குறையாமல் நிற்கின்றது. குறையாத பொருளை மறைப்பவன், குறையும் பொருள்களாகிய முதல் நான்கையும் காக்கவே அதனை மறைக்கின்றான். ஆகவே ஐந்தாவது உலோபத்தைக் கண்டால், அதன் பின்னே மற்ற நான்கில் ஏதோ ஒன்று ஒளிந்திருக்கின்றது என்று அறிக.

3. ஆலையில் கண்டது

யாம் இந்நகரின் ஆலை ஒன்றில் நெசவுப் பிரிவில் பணி செய்த காலத்தில் இருவரை அறிவோம். ஒருவர் தறி மேஸ்திரி. தறியில் பாவு இரண்டாகப் பிரிந்து திறக்கும் நேரமும், நாடாவைத் தட்டும் நேரமும் ஒத்திருக்க வேண்டும். ஒவ்வாவிடில் ஊடை அறும். சில வேளை நாடா வெளியே பாய்ந்து ஆளையே காயப்படுத்தும். அம்மேஸ்திரி தறியின் ஓசையைக் கேட்டே பிழை எங்கே என்று சொல்லிவிடுவார். ஆனால் திருத்தும்போது பக்கத்தில் நிற்பவரைத் தண்ணீர் கொண்டுவா என்று அனுப்பிவிடுவார். திரும்பி வருவதற்குள் தறி ஓடிக்கொண்டிருக்கும்.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல யாம் துணியோம். அவருக்குக் கடன் இருந்தது. மகனைப் பதிலிப் பட்டியலில் சேர்க்க வேண்டிய கவலை இருந்தது. தம் கைத்திறன் ஒன்றே தமக்கு அரண் என்று நம்பினார். ஒரு கோடையில் அவர் நோயுற்றுப் பல வாரம் படுத்தார். அவர் பார்வையில் இருந்த தறிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. நெய்த அளவுக்கே கூலி பெறும் நெசவாளர் வெறுங்கையுடன் வீடு சென்றனர். பதிலித் தொழிலாளர்க்கோ வாயிலிலேயே வேலை இல்லை என்றாயிற்று. அவர் மூடிய கைக்குள் இருந்தது அவருடைய அறிவு மட்டும் அன்று. பல வீடுகளின் அடுப்பும் அதற்குள் இருந்தது.

மற்றவர் நூல் சுற்றும் பிரிவில் இருந்த ஓர் அம்மையார். அறுந்த நூலை இணைக்கும் நெசவாளர் முடிச்சைச் சிறியதாகவும் தட்டையாகவும் போட வேண்டும். முடிச்சுப் பருத்திருந்தால், அது விழுதிலும் அச்சிலும் சிக்கி மீண்டும் நூலை அறுக்கும். புதிதாக வந்த பெண் எவளாயினும், தமிழச்சியோ கன்னடத்தாளோ தெலுங்கச்சியோ, உணவு வேளையில் அவளைப் பக்கத்தில் அமர்த்தி, விரல் பழகும்வரை முடிச்சுப் போடச் செய்வார். உன் வேலையை இவளுக்குக் கொடுத்துவிடுவார்களே என்று ஒருவர் கேட்டபோது, முடிச்சு கெட்டால் நெசவுக்காரர் எங்கள் எல்லாரையும்தானே ஏசுகின்றார்கள் என்றார். அதற்குமேல் அவர் தத்துவம் பேசவில்லை.

பின்னர் ஆலை மூடப்பட்டது. வாயிற்கதவு சாத்திய அன்று மேஸ்திரியும் வெளியே, அம்மையாரும் வெளியே. ஆண்டுக்கணக்கில் காத்த இரகசியம் மேஸ்திரிக்கு ஒருநாள் கூலியும் தரவில்லை. அந்தத் தறிகளே பழைய இரும்பாக எடைக்குப் போயின. அம்மையாரிடம் பழகிய பெண்கள் சிலர் பட்டு விசைத்தறிக் கூடங்களில் வேலை தேடிக்கொண்டனர். அவர்களே தம் ஆசானையும் அழைத்துச் சென்று சேர்த்துவிட்டனர். கன்மத்தின் பயனை மறுபிறப்பில்தான் காண வேண்டும் என்பது இல்லை. சில பயன்கள் அடுத்த மாதமே வந்து கதவைத் தட்டுகின்றன.

4. பற்று ஒன்றல்ல, இரண்டு

இங்கே ஓர் ஐயம் எழும். அம்மையாருக்கும் தம் வேலையின்மேல் பற்று இருந்ததே. பற்றே கூடாது என்றால் வேலையில் அக்கறையும் கூடாது என்றாகுமே? இவ்வையத்தைத் தெளிவாக நீக்கிக்கொள்ளல் வேண்டும்.

பாளியில் உபாதானம் என்பது இறுகப் பிடித்தல். குசல சந்தம் என்பது நல்லதைச் செய்ய வேண்டும் என்னும் விருப்பம். இரண்டையும் உலக வழக்கில் பற்று என்றே சொல்லிவிடுகின்றோம். முன்னது ‘என்னுடையது’ என்கின்றது; பின்னது ‘நன்றாக நடக்க வேண்டும்’ என்கின்றது. மேஸ்திரி பற்றியிருந்தது தம் இடத்தை. அம்மையார் பற்றியிருந்தது நூலையும் தோழியரையும்.

இக்காலத்து ஆராய்ச்சியும் இவ்விடத்தில் நமக்குத் துணை செய்கின்றது. மனிதர் ஏன் ஒரு வேலையை விட்டுப் போகாமல் நிலைக்கின்றனர் என்று ஆராய்ந்த மிச்சல் முதலிய அமெரிக்க அறிஞர் 2001இல் மூன்று காரணங்களை வகுத்தனர். ஒன்று, உடன் உழைப்பவரோடும் ஊரோடும் உள்ள உறவுக் கட்டு. இரண்டு, வேலைக்கும் தனக்கும் உள்ள பொருத்தம். மூன்று, விட்டுப் போனால் நேரும் இழப்பு. இம்மூன்றும் ஒருவனை வேலையோடு பிணிக்கும். ஆயினும் மூன்றும் ஒரே வகைப் பிணிப்பு அல்ல என்பதை நாம் கவனிக்க வேண்டும். உறவாலும் பொருத்தத்தாலும் நிலைப்பவனுக்கு அறிந்ததைச் சொல்வது இயல்பு. சொல்வதனால் உறவு வளர்கின்றது. இழப்பைப் பற்றிய அச்சம் ஒன்றினாலேயே கட்டுண்டவனுக்கோ சொல்லும் ஒவ்வொரு சொல்லும் கையிருப்பில் குறைவாகத் தோன்றுகின்றது. ஆகவே ஒருவன் வேலையில் எவ்வளவு ஆழமாக வேரூன்றினான் என்று கேட்பது போதாது. எந்த வேரால் ஊன்றினான் என்று கேட்க வேண்டும்.

2012இல் கேத்தரின் கொனலி என்னும் கனடா நாட்டு அறிஞரும் அவரோடு ஆராய்ந்தோரும், கேட்டவர்க்கு அறிவை வேண்டுமென்றே மறைக்கும் வழிகளை மூன்றாகப் பிரித்தனர். தெரிந்தும் தெரியாதவன் போல் நடித்தல். வேறெதையோ சொல்லியும் நாளை சொல்கின்றேன் என்றும் தட்டிக்கழித்தல். இதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை என்று காரணம் காட்டி மறுத்தல். இம்மூன்றையும் பஞ்சசீலத்தின் உரைகல்லில் உரைத்துப் பாருங்கள். முதலாவது வெளிப்படையான பொய். இரண்டாவது பொய்க்கு இளைய சகோதரன். மூன்றாவது, காரணம் மெய்யானால் பொய் அன்று. நோயாளியின் செய்தியை மருத்துவமனை ஊழியர் சொல்லாதிருத்தல் குற்றமாகாது. வங்கியில் இருப்பவர் பிறர் கணக்கைச் சொல்லாதிருத்தல் கடமை. எல்லா மௌனமும் மூடிய கை அன்று. ஆயினும் ‘எனக்குத் தெரியாது’ என்று தெரிந்தவன் சொல்லும்போது, காலையில் திரிசரணம் சொன்ன அதே வாயால் நான்காம் சீலத்தை உடைக்கின்றான் என்பதை மறவாதீர்.

5. அச்சம் பொய்யன்று

இவ்வளவும் கேட்டு, உபதேசம் எளிது, வயிறு பெரிது என்று ஒரு தொழிலாளி சொல்வாராயின், அவரை யாம் மறுக்கமாட்டோம். கற்றுக்கொடுத்தவனை நீக்கிவிட்டு, கற்றவனைக் குறைந்த கூலிக்கு அமர்த்தும் முதலாளிகள் உண்டு. 1911இல் தொழில் நிர்வாகத்தைப் பற்றி நூல் எழுதிய டெய்லர் என்னும் அமெரிக்கப் பொறியாளர், தொழிலாளரிடம் வழிவழியாகச் சேர்ந்துள்ள அறிவையெல்லாம் திரட்டி விதிகளாக்குவது நிர்வாகத்தின் கடமை என்று எழுதினார். அறிவு திரட்டப்பட்டது, திரட்டப்பட்டவனின் பிழைப்புக்கு உறுதி கிடைத்ததா என்பதே தொழிலாளியின் கேள்வி. நிரந்தரமில்லாத ஒப்பந்த வேலை பெருகிய இந்நாளில் அக்கேள்வி மேலும் கூர்மையாகின்றது.

பழைய ஜாதகக் கதைகளும் இவ்வச்சத்தை மறைக்கவில்லை. 243ஆம் ஜாதகத்தில் போதிசத்துவர் குத்திலர் என்னும் வீணை வித்துவானாகக் காசியில் அரசனிடம் பணி செய்கின்றார். கண்ணிழந்த தாய்தந்தையரைக் காப்பாற்றுகின்றார். உச்சயினியிலிருந்து மூசிலன் என்பான் வந்து வீணை கற்க வேண்டுகின்றான். அவன் இயல்பைக் கண்டு குத்திலர் முதலில் மறுக்கின்றார். பெற்றோர் சொல்லவே ஏற்றுக்கொண்டு, கையை மூடாமல் தாம் அறிந்த அனைத்தையும் கற்பிக்கின்றார். கற்று முடித்தவன் அரசனிடம் வேலை கேட்கின்றான். ஆசானுக்குத் தருவதில் பாதி தருவேன் என்கின்றான் அரசன். மூசிலனோ சம ஊதியம் கேட்டு, ஆசானையே போட்டிக்கு அழைக்கின்றான்.

குத்திலர் என்ன செய்தார்? அஞ்சினார். முதியவனாகிய நான் தோற்றால் மானம் போகுமே என்று காட்டுக்குள் ஓடினார், மனம் கேளாமல் திரும்பினார், மீண்டும் ஓடினார். போதிசத்துவருக்கே இந்நிலை என்று கதை சொல்வதை எண்ணிப் பாருங்கள். பின்னர்ச் சக்கரன் தோன்றித் துணை நின்றான். போட்டி நாளில் குத்திலர் வீணையின் நரம்புகளை ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டே வாசித்தார். நரம்பு முழுவதும் அற்ற பின்னும் இசை நகரெங்கும் பரவிற்று. மூசிலனும் நரம்பை அறுத்தான். அவன் வீணை ஊமையாயிற்று.

சக்கரன் வந்ததை விட்டுவிட்டுக் கருத்தை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாம். சொல்லிக்கொடுக்கத்தக்கது எல்லாம் நரம்பு. அதைக் கொடுத்த பின்னும், அதைப் பயன்கொண்டு புதியது காணும் பழக்கம் ஆசானிடமே நிற்கின்றது. கற்பிப்பவன் தான் அறிந்ததை மீண்டும் மீண்டும் எண்ணிச் சொல்வதால், அவன் அறிவு தெளிவடைகின்றது. மறைப்பவன் அறிவோ பெட்டியில் பூட்டிய துணி போல மடிப்பிலேயே இற்றுப்போகின்றது.

ஆயினும் தொழிலாளியின் அச்சத்தை உபதேசத்தால் மட்டும் தீர்க்கலாகாது. சிகாலனுக்குப் பகவன் ஆறு திசைகளைக் கூறியபோது கடமையை ஒரு பக்கத்தில் மட்டும் வைக்கவில்லை. ஆசிரியன் மாணவனை நன்கு பழக்கவும், நன்கு உணரச் செய்யவும், கலை முழுவதையும் கற்பிக்கவும், தன் நண்பரிடையே அவனைப் பெருமைப்படுத்தவும், எத்திசையிலும் அவனுக்குக் காப்பளிக்கவும் கடமைப்பட்டவன். அவ்வாறே எசமானன் ஆள்களின் ஆற்றலறிந்து வேலை தரவும், உணவும் கூலியும் அளிக்கவும், நோயில் பேணவும், நல்ல உணவைப் பகிரவும், உரிய காலத்தில் ஓய்வு தரவும் கடமைப்பட்டவன். நோயுற்ற நாளில் தன் இடம் போய்விடாது என்று அறிந்த தொழிலாளி கையை எளிதில் திறப்பான். எசமானன் தன் திசையைப் பேணாமல், தொழிலாளி மட்டும் தியாகியாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது தம்மம் அன்று.

6. நமக்கு மூடப்பட்ட கதவு

நம்மவர்க்கு இப்பாடம் மற்றவர்க்கு உள்ளதைவிட ஒரு படி கூடுதலாக உரியது. தொழிலறிவை மறைத்தல் தனி ஒருவன் செய்யும் செயலாக மட்டும் இந்நாட்டில் இருந்ததில்லை. அது பிறப்பின் பெயரால் ஒழுங்காகவே நடந்தது.

பம்பாய்ப் பஞ்சாலைகளை எண்ணுங்கள். அங்கே நெசவுப் பிரிவில் கூலி அதிகம். நாடாவில் ஊடை தீர்ந்ததும், புதிய தாரின் நூல்முனையை நாடாவின் துளைவழியே வாயால் உறிஞ்சி இழுப்பது வழக்கம். ஒருவன் வாய்வைத்த நாடாவில் மற்றவனும் வாய்வைக்க வேண்டும். இக்காரணம் காட்டி, தீண்டத்தகாதார் எனப்பட்டோரை உடன் உழைப்பவரே நெசவுப் பிரிவுக்குள் விடவில்லை. கற்கும் ஆற்றல் இல்லை என்று எவரும் சொல்லவில்லை. கற்கும் இடத்தில் நிற்கவே விடவில்லை. 1928இல் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தின்போது பாபாசாகேப் அம்பேத்கர் இதனை எடுத்துக்காட்டி, நெசவுப் பிரிவைத் திறக்க வேண்டும் என்னும் கோரிக்கையையும் சேர்க்கச் செய்தார். 1938 பிப்ரவரியில் மன்மாட்டில் கூடிய இரயில்வேத் தொழிலாளர் மாநாட்டிலும், தாழ்த்தப்பட்ட தொழிலாளர்க்கு மேல்வேலைகள் அடைக்கப்பட்டிருப்பதைப் பேசினார். சாதி என்பது வேலையைப் பிரிப்பது மட்டும் அன்று, வேலை செய்வோரையே பிரிப்பது என்று 1936இல் அவர் எழுதியதன் பொருள் இதுவே.

இனி மாறான ஓர் எடுத்துக்காட்டை நம் அருகிலேயே காணலாம். பெங்களூருக்குக் கிழக்கே கோலார் தங்கவயலில் தமிழர் பல்லாயிரவர் சுரங்கத்தில் உழைத்தனர். மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் பாறை வெடித்துச் சரியும் இடர் அங்கே உண்டு. மேலே உள்ள பாறையின் இயல்பை அறிந்தவன் அதைப் புதியவனுக்குச் சொல்லாமல் மறைத்தால், சரியும் பாறை இருவர் தலையிலும் விழும். நம் வாழ்வு ஒருவரை ஒருவர் சார்ந்தது என்னும் உண்மையைச் சுரங்கம் நேரே காட்டிவிடுகின்றது. தறிக்கூடத்திலும் கணினி மேசையிலும் அதே உண்மை இருக்கின்றது. பாறை மெல்ல விழுவதால் நாம் காண்பதில்லை. அச்சுரங்கங்கள் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டன.

அதே தங்கவயலில்தான், பண்டிதர் அயோத்திதாசர் 1898இல் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை தழைத்தது. பண்டிதர் சித்த மருத்துவர். மருத்துவ முறைகளைப் பரிபாஷையில் மறைத்து வைப்பதும், மகனுக்கு அன்றிப் பிறர்க்குச் சொல்லாதிருப்பதும் நம் நாட்டில் பழகிய வழக்கம். அத்துறையில் பயின்ற அவர் 1907இல் தொடங்கிய இதழுக்கு இட்ட பெயர் ‘ஒரு பைசாத் தமிழன்’. கூலிக்காரன் வாங்கக்கூடிய விலையையே பெயரில் பொறித்தார். கல்வி மறுக்கப்பட்டவர், தம்மிடம் வந்து சேர்ந்த கல்வியைத் தெருவில் வைத்து வழங்கினார். நம் சங்கங்கள் அத்திறந்த கையிலிருந்து வந்தவை.

ஆகையால் நம்மில் ஒருவர் தச்சராகவோ, மின்பணியாளராகவோ, கணினிப் பொறியாளராகவோ உயர்ந்தபின் கையை மூடிக்கொள்வாராயின், அவர் செய்வது சிறு உலோபம் அன்று. நம் முன்னோர்க்கு எதிரே சாத்தப்பட்ட கதவை உள்ளேயிருந்து தாழிடுகின்றார். நம்மவர்க்கு மட்டும் சொல்வேன் என்பதும் போதாது. பகவன் உள், புறம் என்னும் வேற்றுமையின்றிப் போதித்தார் என்று மேலே கண்டோம். பெங்களூரின் ஒரு கூடத்தில் கன்னடத்தாரும், தமிழரும், தெலுங்கரும், வடக்கிலிருந்து வந்தவரும் ஒரே இயந்திரத்தைச் சூழ்ந்து நிற்கின்றனர். தமிழ் பேசுவோனுக்கு மட்டும் சொல்லும் கை, ஒரு விரலைத் திறந்து நான்கு விரலை மடக்கிய கை.

7. கடைப்பிடிக்க வேண்டியவை

முதலாவது, வேலையைப் பற்றி ஒருவர் கேட்டால், தெரிந்ததைத் தெரியாது என்று சொல்வதில்லை என்று உறுதி கொள்ளுங்கள். சொல்லத்தகாத செய்தியானால், சொல்லத்தகாது என்று நேரே கூறுங்கள்.

இரண்டாவது, உங்கள் இடத்தில் நின்று வேலை செய்யக்கூடிய ஒருவரையேனும் பழக்குங்கள். வாயால் சொல்வதோடு விடாதீர்கள். கையால் அறிந்தது கையாலேயே செல்லும்; அவரைப் பக்கத்தில் நிறுத்தி, அவர் கை செய்யும்படி விட்டு, நீங்கள் பார்த்திருங்கள்.

மூன்றாவது, ஒரு குறிப்பேடு வையுங்கள். எந்த நாளில் என்ன பழுது, காரணம் யாது, எவ்வாறு தீர்ந்தது என்று எழுதுங்கள். அதைப் பெட்டியில் பூட்டாமல் வேலைமேசையில் வையுங்கள்.

நான்காவது, கற்பவரும் தம் கடமையை அறிய வேண்டும். கற்ற இடத்தை மறைத்துத் தாமே கண்டதுபோல் பேசுவோன், ஆசானின் திறந்த கையை மூடச் செய்கின்றான். இதனை நான் இன்னாரிடம் கற்றேன் என்று நாலுபேர் நடுவில் சொல்லுங்கள். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

ஐந்தாவது, தொழிற்சங்கத்தில் இருப்போர், கற்பித்தவர் எவரும் அதனால் வேலையோ கூலியோ இழக்கலாகாது என்னும் உறுதியை நிர்வாகத்திடம் கேட்டுப் பெறுங்கள். புதியவரைப் பழக்கும் நேரத்துக்கும் கூலி உண்டு என்று ஏற்கச் செய்யுங்கள். அச்சத்தின் காரணத்தைக் குறைப்பதும் கருணையே.

ஆறாவது, உபோசத நாளில் முதிதையைப் பாவனை செய்யுங்கள். முதிதை என்பது பிறர் ஏற்றத்தைக் கண்டு மகிழும் மகிழ்ச்சி. உங்களிடம் கற்று உங்களைவிட மேலேறியவர் ஒருவரை மனத்தில் நிறுத்துங்கள். முதலில் நெஞ்சு சற்றே சுருங்கும். சுருங்குவதை மறைக்காமல் பாருங்கள். அங்கே ‘என் இடம்’ என்னும் பிடி இருப்பது தெரியும். தெரிந்த பிடி மெல்லத் தளரும்.

வேலை நிலையற்றது, ஆலை நிலையற்றது, ஆலையில் நின்ற நாமும் நிலையற்றவர். இந்நகரில் எத்தனை சங்கொலி ஓய்ந்துவிட்டது என்பதை நாமே கண்டோம். ஓய்ந்தபின்னும் ஓயாதது, ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குச் சென்ற திறமை ஒன்றே. அதனைச் செல்ல விடுங்கள்.

பாட வினாக்கள்

1. மூடிய கையைப் பற்றியும் சங்கத்தைப் பற்றியும் பகவன் கூறிய இரண்டு கருத்துகளும் ஒன்றோடொன்று எவ்வாறு தொடர்புடையன?
2. ஐவகை உலோபத்துள் தம்மம் பற்றியதை ஏன் மிக இழிந்தது என்றனர்? உங்கள் தொழிலில் மற்ற நான்கும் எவ்வடிவில் தோன்றுகின்றன?
3. உபாதானத்துக்கும் குசல சந்தத்துக்கும் உள்ள வேற்றுமையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குக.
4. கற்பித்தால் வேலை போகும் என்னும் அச்சம் மெய்யாக இருக்கும் இடத்தில், தொழிலாளியின் கடமை யாது? எசமானன் கடமை யாது?
5. உங்களுக்குத் தொழில் கற்பித்தவர் யார்? நீங்கள் கற்பித்தவர் யார்? இரண்டாம் வினாவுக்கு விடை இல்லையாயின், அடுத்த உபோசத நாளுக்கு முன் விடை தேடுக.

எல்லா உயிர்களும் நலம் பெறுக.